குளம் உள்ள பள்ளியா, கூரை ஒழுகும் பள்ளியா?

திருப்பூரிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சுருக்கமாக இங்கே தருகிறேன்.

கணவர் பனியன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறார். இவர் அதே யூனிட்டில் கணக்கு பார்க்கிறார். ஆர்டர் நேரத்தில் இருவரும் வீடு திரும்ப இரவு ஒன்பது, பத்து ஆகிவிடும். ஒரே மகள், பதினொரு வயது, உள்ளூரில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் ஆறாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்தால் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் போன வருடம் காலமாகிவிட்டார். அதனால் வரும் ஜூனில் ஏழாம் வகுப்புக்கு நீலகிரியில் ஹாஸ்டலோடு சேர்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. எந்தப் பள்ளி என்பதில்தான் வீட்டில் சண்டை.

முதல் பள்ளி உதகைக்குப் பக்கத்தில். சிபிஎஸ்இ. நீச்சல் குளம், குதிரையேற்றம், இன்டோர் பேட்மிண்டன் கோர்ட், வகுப்புக்கு வகுப்பு டிஜிட்டல் போர்டு. ஆண்டுக்கு ஆறரை லட்சம். ஜனவரியில் வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்திருக்கிறார்கள். கணவருக்கு இதுதான் பிடித்திருக்கிறது. "நமக்குக் கிடைக்காததெல்லாம் அவளுக்காவது கிடைக்கட்டும்" என்கிறார். இரண்டாவது பள்ளி கோத்தகிரிப் பக்கம். ஐசிஎஸ்இ. பழைய கல் கட்டடம், ஓட்டுக் கூரை, ஒரே ஒரு மைதானம். மூன்று லட்சத்துக்குள் முடிந்துவிடும். டிசம்பரில் தூறலில் போனபோது ஒரு வகுப்பறையில் வாளி வைத்து ஒழுகலைப் பிடித்துக்கொண்டிருந்தார்களாம். ஆனால் பதினைந்து, இருபது வருடமாக அங்கேயே இருக்கும் ஆசிரியர்கள், பத்தாம் வகுப்பில் வருடா வருடம் நூறு சதவீதம். தாயின் ஓட்டு இதற்கு. "படிப்புதானே முக்கியம், கட்டடமா சோறு போடும்?" என்று கேட்கிறார்.

முதல் பள்ளி பத்து நாளுக்குள் ஒரு லட்சம் கட்டி சீட்டை உறுதி செய்யச் சொல்லியிருக்கிறது. மகளுக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங் உண்டு, இன்ஹேலர் வைத்திருக்கிறாள் என்று கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி வருகிறது. அவளைக் கேட்டதற்கு "எங்க வேணா சேத்து விடுங்க" என்றாளாம். கணவர் டிரங்குப் பெட்டி வாங்கியே வந்துவிட்டார்.

அன்புள்ள சகோதரிக்கு,

குன்னூர், உதகைப் பக்கத்துப் பள்ளிகளில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள் நான். அதில் பாதி, பெண்கள் ஹாஸ்டல் பொறுப்பு. இப்போது பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஆலோசனை சொல்வதுதான் வேலை. பிப்ரவரி வந்தால் உங்கள் கடிதம் போல நிறைய வரும்.

உங்கள் இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். வாத்தியாரா குளமா என்று மட்டும் கேட்டால், நீங்கள் சொல்வதுதான் சரி. பள்ளிக்கூடத்துக்குள் ஒரு பிள்ளையின் படிப்பை அதிகம் தீர்மானிப்பவர் ஆசிரியர்தான். ஆனால் அந்த முடிவுக்கு நீங்கள் வந்த வழி தப்பு. நீங்கள் பார்த்தது ஒரு வாளியை. அதை வைத்து, இங்கே பகட்டுக்குச் செலவு செய்யாமல் படிப்புக்குச் செலவு செய்கிறார்கள் என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டீர்கள். கூரை ஓடுகளை மாற்றாத நிர்வாகம் அந்தக் காசை ஆசிரியருக்குத்தான் கொடுத்திருக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்? இரண்டுக்கும் கொடுக்காமலும் இருக்கலாம். உங்கள் வீட்டுக்காரரும் ஆசிரியர்களைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களில் பாதிப் பேர் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஆக, நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுவது இரண்டு கட்டடங்களைப் பற்றி. கற்பித்தல் எப்படி என்று இன்னும் யாரும் போய்ப் பார்க்கவில்லை.

வசதியிலும் இரண்டு வகை

பிள்ளைகளை இந்த மலைகளுக்கு அனுப்பும் வழக்கம் வெள்ளைக்காரர் காலத்தது. உதகைக்குப் பக்கத்தில் லவ்டேலில் இருக்கும் லாரன்ஸ் பள்ளி 1858-ல் தொடங்கியது. இப்போது உதகையில் இருக்கும் ஹெப்ரான் 1899-ல் குன்னூரில் தொடங்கியது. பழனி மலையில், அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901-ல் ஆரம்பித்த பள்ளிதான் இன்றைய கோடைக்கானல் இன்டர்நேஷனல். கீழே வெயிலும் காய்ச்சலும் இருந்ததால் மேலே அனுப்பினார்கள். அன்றைக்கு இருந்த பெரிய வசதி இந்தக் குளிர்காற்றுதான். உங்கள் மகள் விஷயத்தில் அந்தக் காற்றையே யோசிக்க வேண்டியிருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

பள்ளிக்கூட வசதியை நான் இரண்டாகப் பிரிப்பேன். விருந்தாளிக்குக் காட்டுவது ஒன்று, பிள்ளை தினமும் புழங்குவது இன்னொன்று. குளம் முதல் வகை. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். தண்ணீரைச் சூடாக்கும் ஏற்பாடு இல்லாத குளம் இங்கே வருடத்தில் பாதி நாள் படம் எடுக்கத்தான் ஆகும். சூடாக்குகிறார்கள் என்றால் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, ஏழாம் வகுப்புப் பெண்களுக்கு வாரத்தில் எத்தனை பீரியட் என்று கேளுங்கள். நீச்சல் டைம் டேபிளைக் காட்டச் சொல்லுங்கள். குதிரைக்குத் தனிக் கட்டணமா என்பதையும் கேட்டுவிடுங்கள், பல இடங்களில் தனிதான்.

இரண்டாவது வகையை யாரும் பிராஷரில் போடுவதில்லை. காலை ஆறு மணிக்குக் குளிக்க வெந்நீர் வருமா? மாடியில் சோலார் ஹீட்டர் இருக்கிறது என்பார்கள். ஜூன், ஜூலையில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெயில் வராமல் மேகம் மூடிக்கிடக்கும்போது அந்த சோலார் என்ன செய்யும்? பாய்லர் உண்டா? இது அற்பக் கேள்வி என்று நினைக்காதீர்கள். வெந்நீர் வராத ஹாஸ்டலில் பிள்ளைகள் குளிப்பதை நிறுத்திவிடுகிறார்கள், அப்புறம் தோலில் தொந்தரவு, அப்புறம் "பக்கத்துக் கட்டில் பொண்ணு என்னை நாறுதுன்னு சொல்றா" என்று அழுகை. நான் பொறுப்பில் இருந்தபோது வந்த பஞ்சாயத்துகளில் பாதி இப்படி ஆரம்பித்தவைதான்.

துணி எங்கே காயும் என்று கேளுங்கள். மலையில் மழைக் காலத்தில் ஒரு ஸ்வெட்டர் காய நான்கு நாள் ஆகும். துணி காய வைக்கத் தனி அறை இருக்கிற ஹாஸ்டல், நீச்சல் குளம் இருக்கிற ஹாஸ்டலை விட எனக்கு ஒரு படி மேல். எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, ராத்திரி டார்மில் (பிள்ளைகள் படுக்கும் ஹாலில்) கூட யார் படுக்கிறார், மேட்ரனா, மூத்த மாணவியா, அவர் கதவைத் தட்டினால் திறப்பாரா என்றும் விசாரியுங்கள்.

இந்த வகை வசதியில் "படிப்புதானே முக்கியம்" என்று விட்டுக்கொடுக்கக் கூடாது. ஈர சாக்ஸோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு எப்பேர்ப்பட்ட கணக்கு டீச்சர் வந்தாலும் பாடம் ஏறாது.

வீசிங்

கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக எழுதியிருந்தீர்கள். என்னைக் கேட்டால் கடிதமே அதில்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

வீசிங் உள்ள பிள்ளை மலைக்கு வரவே கூடாது என்று சொல்ல மாட்டேன். கீழே தூசியிலும் புகையிலும் அவதிப்பட்டு, இங்கே வந்து நன்றாக இருக்கிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். குளிர்காலத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திண்டாடியவர்களையும் பார்த்திருக்கிறேன். உதகையில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை புல்வெளியில் உறைபனி விழும். குளிர்ந்த வறண்ட காற்றில் அதிகாலை பி.டி. ஓடினால் சிலருக்கு மூச்சு இறுகும். கோத்தகிரி சில நூறு மீட்டர் தாழ்வு, குளிர் கொஞ்சம் குறைவு. ஆனால் அங்கே வடகிழக்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை நன்றாகப் பெய்யும். நீங்கள் பார்த்த வாளி அந்த மழைக்குத்தான்.

கூரை ஒழுகினால் சுவர் ஊறும், சுவர் ஊறினால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் வீசிங்கைத் தூண்டும் முக்கியமான காரணங்களில் ஒன்று. எளிமை என்று நீங்கள் ரசித்த அந்த வாளி உங்கள் மகளுக்கு ஆகாத சமாச்சாரம். வகுப்பறை மட்டும் ஒழுகுகிறதா, டார்மும் ஒழுகுகிறதா? அடுத்த முறை போகும்போது டார்ம் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கட்டிலை நகர்த்தச் சொல்லி அதன் பின்பக்கச் சுவரைப் பாருங்கள். மோந்தும் பாருங்கள், ஈர வாடையைப் பெயிண்ட் மறைக்காது.

பணம் கட்டுவதற்கு முன்னால் குழந்தைகள் நல மருத்துவரிடமோ நுரையீரல் மருத்துவரிடமோ ஒரு முறை போய், தினசரி மருந்து என்ன, மூச்சு இறுகினால் முதலில் என்ன, எந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரி என்று ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளைப் பள்ளி நர்ஸிடம் கொடுக்கும்போது அவர் முகத்தைக் கவனியுங்கள். "இன்ஹேலர் எங்க ஆபீஸ் பீரோவுல பத்திரமா இருக்கும்" என்று சொன்னால் அந்தப் பள்ளி வேண்டாம். இன்ஹேலர் பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ராத்திரி நர்ஸ் கேம்பஸில் தங்குகிறாரா, வண்டியும் டிரைவரும் உண்டா, உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்கோ எவ்வளவு நேரம் என்றும் கேளுங்கள். நீங்கள் கிளம்பி வரவும் நேரம் ஆகும். அவினாசி, அன்னூர் தாண்டி மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோத்தகிரி இன்னும் 33 கிலோமீட்டர் மலைப்பாதை. பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் ரோட்டில் யானை நின்றால் அது நகரும் வரை நீங்களும் நிற்க வேண்டியதுதான்.

கற்பித்தலை எப்படிப் பார்ப்பது

"நூறு சதவீதம் ரிசல்ட்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியிலும் வாசலில் அந்த போர்டு இருந்தது. பொய் இல்லை. எட்டாம் வகுப்பில் இரண்டு செக்ஷன் நிறையப் பிள்ளைகள் இருப்பார்கள், பத்தாம் வகுப்புக்குப் போகும்போது ஒன்றரை செக்ஷன்தான் இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் தடுமாறுகிறவர்களின் பெற்றோரைக் கூப்பிட்டு, "ஊர்ல ஸ்டேட் போர்டுல போட்டா நல்லா வருவான்" என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பேச்சு நடக்கும்போது நானும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அதனால் சதவீதத்தைக் கேட்காதீர்கள். இந்த வருடம் பத்தாம் வகுப்பு எழுதுகிற பிள்ளைகள் எத்தனை பேர், அதே பேட்ச் எட்டாம் வகுப்பில் இருந்தபோது எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அதுவே பதில்.

ஆசிரியர்கள் இருபது வருடமாக இருப்பது நல்ல அறிகுறிதான், அதை மறுக்கவில்லை. மலைப் பள்ளிகளில் வருடத்துக்கு வருடம் ஆசிரியர் மாறுவது பெரிய வியாதி. இளம் ஆசிரியர் ஒரு வருடம் குளிரைப் பார்ப்பார், ஞாயிறும் டியூட்டி என்று தெரிந்ததும் கோயம்புத்தூருக்கு இறங்கிவிடுவார். ஆனால் குவார்ட்டர்ஸும் சொந்தப் பிள்ளைக்கு இலவசப் படிப்பும் கிடைப்பதால் மட்டும் தங்கியிருப்பவர்களும் உண்டு, பதினெட்டு வருடத்துக்கு முந்தைய நோட்ஸையே இன்றும் எழுதச் சொல்வார்கள். இரண்டு பள்ளியிலும் ஒரே கேள்வி போதும்: போன மூன்று வருடத்தில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தது யார் யார், நடு வருடத்தில் யாராவது போனார்களா?

உங்கள் வீட்டுக்காரர் ஒரு நியாயம் சொல்லியிருக்கிறார்: ஆறரை லட்சம் வாங்குகிற இடத்தில் சம்பளம் அதிகம் இருக்கும், நல்ல ஆசிரியர் வருவார். இருக்கலாம். ஆனால் குளத்துக்கும் குதிரைக்கும் தீனி போட்ட பிறகு ஆசிரியருக்கு என்ன மிஞ்சுகிறது என்பது பள்ளிக்குப் பள்ளி வேறு. நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

நான் சொல்லும் சுலபமான பரீட்சை நோட்டுப் புத்தகம். ஏழாம் வகுப்பில் நடுத்தரமாகப் படிக்கிற இரண்டு பிள்ளைகளின் கணக்கு நோட்டும் ஆங்கில நோட்டும் காட்டச் சொல்லுங்கள். முதல் ரேங்க் பிள்ளையின் நோட்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள், விடாதீர்கள். இரண்டு நோட்டிலும் கேள்வி பதில் வரிக்கு வரி ஒன்றாக இருந்தால் போர்டில் எழுதிப்போட்டதைப் பார்த்து எழுதியது என்று அர்த்தம். சிவப்பு மையில் டிக் மட்டும் இருக்கிறதா, ஏதாவது எழுதியிருக்கிறார்களா? தப்பு என்று சுழித்த கணக்கை அந்தப் பிள்ளை மறுபடி போட்டிருக்கிறதா, டீச்சர் அதைத் திரும்பப் பார்த்திருக்கிறாரா? இந்த ஒன்றைப் பார்த்தாலே போதும். எந்த டிஜிட்டல் போர்டும் இந்த வேலையைச் செய்வதில்லை.

அடுத்தது சாயங்காலம். டே ஸ்காலருக்குப் பள்ளி நாலு மணிக்கு முடியும். ஹாஸ்டல் பிள்ளைக்கு ஆறு மணிக்கு இன்னொரு பள்ளி தொடங்கும். அந்த ஸ்டடி அவரில் யார் உட்காருகிறார்? பாட ஆசிரியர் முறை வைத்து வருகிறாரா, சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளும் வார்டன் மட்டும்தானா? பின்னம் புரியாத பிள்ளை இரண்டு மணி நேரம் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஹாலே அமைதியாகப் படிப்பது போல இருக்கும். உங்கள் வீட்டில் ராத்திரி ஒன்பது வரை அவள் தனியாக இருப்பதற்குத்தானே ஹாஸ்டல் தேடுகிறீர்கள்? அங்கேயும் அதே தனிமைதான் என்றால், கூட நூறு பேர் இருப்பதால் பெரிய லாபம் எதுவும் இல்லை.

முதல் பள்ளி சிபிஎஸ்இ என்பதால் உங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. சிபிஎஸ்இ பள்ளிகள் சில விவரங்களைத் தங்கள் இணையதளத்தில் கட்டாயம் வெளியிட வேண்டும். மூன்று வருட போர்டு ரிசல்ட், ஆசிரியர் எண்ணிக்கை, ஒரு செக்ஷனுக்கு எத்தனை ஆசிரியர் என்ற விகிதம், மாணவர் ஆலோசகர் விவரம், கட்டடப் பாதுகாப்பு, தீத்தடுப்பு, குடிநீர், சுகாதாரச் சான்றிதழ்கள் எல்லாம் அதில் வரும். இன்று ராத்திரியே உட்கார்ந்து பாருங்கள். சான்றிதழ்களில் தேதி தாண்டிவிட்டதா என்றும் கவனியுங்கள்.

போர்டு மாறுவதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ஐசிஎஸ்இயில் ஆங்கிலம் மொழி, இலக்கியம் என்று இரண்டு பேப்பர். அறிவியல் இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று தனித்தனி. எழுத்து வேலை அதிகம். ஏழாம் வகுப்பில் மாறினால் பழகிக்கொள்ள நேரம் இருக்கிறது. இரண்டு போர்டிலுமே பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே பதிவு நடந்துவிடும், அதற்குப் பிறகு மாறுவதுதான் சிரமம். தமிழ் யார் எடுக்கிறார், வாரம் எத்தனை பீரியட் என்றும் கேளுங்கள். பல மாநிலப் பிள்ளைகள் படிக்கிற மலைப் பள்ளிகளில் தமிழ் பீரியட்டைத்தான் முதலில் ஆண்டு விழா ரிகர்சலுக்குக் கடன் வாங்குவார்கள்.

பத்து நாள் கெடு

சீசனில் மலை ஹோட்டல்காரர் சொல்வது போல "இதுதான் சார் கடைசி ரூம்" என்று பள்ளிகளும் சொல்லும். பயப்படாதீர்கள். கட்டத்தான் வேண்டும் என்றால் முதலில் மின்னஞ்சலில் மூன்று கேள்வி அனுப்புங்கள். சேராவிட்டால் இந்த ஒரு லட்சத்தில் எவ்வளவு திரும்பும்? நடு வருடத்தில் உடம்புக்கு ஆகாமல் கூட்டிவந்தால் மீதிக் கட்டணம் என்ன ஆகும்? காஷன் டெபாசிட் (சேரும்போது வாங்கி, விலகும்போது திருப்பித் தரும் முன்பணம்) எப்போது கிடைக்கும்? எழுத்தில் பதில் வராமல் பணம் போகக் கூடாது. "நன்கொடை" என்று ரசீது இல்லாமல் கேட்டால் அது சட்டப்படி தப்பு. கல்வி உரிமைச் சட்டம் 2009 அதைத் தடை செய்கிறது, தமிழ்நாட்டுக்கு 1992-லிருந்தே தனிச் சட்டமும் உண்டு.

இரண்டாவது பள்ளியின் நுழைவுத் தேர்வு கடினமாக இருந்தது, அதனால் தரமான பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டாம் வகுப்பு வரை பரீட்சை வைத்துப் பிள்ளையை வடிகட்டக் கூடாது என்பதுதான் அதே கல்வி உரிமைச் சட்டம் சொல்வது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், உங்கள் பள்ளி எந்த வகை என்று பார்க்க வேண்டும். எப்படி இருந்தாலும், கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுப்பது பொறுக்குகிறவரின் திறமை. கற்பிக்கும் திறமை வேறு.

பிள்ளைகள் தங்கும் விடுதிகளை முறைப்படுத்த 2014-ல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. விடுதிப் பதிவைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பின்னால் வெளியே எடுக்க நேர்ந்தால் மாற்றுச் சான்றிதழை வைத்து மிரட்டுவார்களோ என்று பயந்திருக்கிறீர்கள். கட்டண பாக்கியை அதில் குறிப்பிடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது. அப்புறம், எங்கே சேர்த்தாலும் 1098 என்ற எண்ணை மகளுக்கு மனப்பாடம் செய்து கொடுங்கள். அது குழந்தைகள் உதவி எண், இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். வார்டன் ஆபீஸ் போன் தவிர அவள் பேச இன்னொரு போன் உண்டா என்றும் பார்த்துவிடுங்கள்.

"எங்க வேணா சேத்து விடுங்க"

இந்த வரியை நீங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை.

பதினொரு வயதுப் பிள்ளைக்குக் குளமும் குதிரையும் காட்டினால் கண் விரியும். பிடிக்காவிட்டால் முகத்தைத் தூக்கும். இரண்டும் இல்லாமல் "எங்க வேணா" என்று சொல்கிற பிள்ளை, பள்ளியைப் பற்றிப் பேசவில்லை. நாலு மணிக்கு வந்தால் கதவைத் திறந்துவிட்டுத் தோசை ஊற்றிக் கொடுத்த பாட்டி போன வருடம் போய்விட்டார். இந்த வருடம் வீட்டை விட்டே போகச் சொல்கிறார்கள். அவள் கணக்குப்படி இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருக்கலாம். நான் அவளைப் பார்க்கவில்லை, தப்பாகவும் இருக்கலாம். ஆனால் துக்கம் ஆறாமல் வந்த பிள்ளைகளை ஹாஸ்டலில் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் முதல் ஒரு மாதம் அழும், அப்புறம் சரியாகிவிடும். இவர்கள் அழ மாட்டார்கள். சொன்னதை எல்லாம் செய்வார்கள், மேட்ரனுக்கு ரொம்பப் பிடிக்கும். தீபாவளி லீவுக்குப் போனால் திரும்பி வர மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொள்வார்கள்.

அதனால் நீங்கள் கேட்காத ஒரு கேள்வியை நான் கேட்கிறேன். இந்த ஜூனே ஆக வேண்டுமா? எட்டாம் வகுப்பில் சேர்த்தால் படிப்பில் ஒன்றும் நஷ்டமில்லை. ஆறரை லட்சம் என்றால் மாதத்துக்கு ஐம்பத்து நாலாயிரம். திருப்பூரில் அந்தப் பணத்துக்குக் கணக்கு பார்க்க ஒரு ஆளைப் போட்டுவிட்டு, நீங்கள் நாலு மணிக்கு வீட்டில் இருக்க முடியாதா? கணக்கு வெளி ஆள் கையில் போவதில் உங்கள் வீட்டுக்காரருக்குச் சங்கடம் இருக்கும், எனக்குப் புரிகிறது. தொழிலில் அது சின்ன விஷயம் இல்லை. இருந்தாலும் இரண்டு பள்ளிக்கூடங்களோடு இதையும் மூன்றாவதாக வைத்து எடை போடுங்கள். வைத்துப் பார்த்தும் ஹாஸ்டல்தான் என்றால் அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை. நல்ல ஹாஸ்டலில் நன்றாக வளர்ந்த பிள்ளைகள் ஏராளம்.

என் முடிவைக் கேட்டால்

இப்போது கையில் இருக்கும் தகவலை வைத்து, நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த ஒரு லட்சத்தை இந்தப் பத்து நாளில் கட்ட மாட்டேன். ஒரு வருடம் தள்ளிப்போடுவேன். தள்ளிப்போடவே முடியாது என்றால் இரண்டாவது பள்ளி, ஆனால் டார்ம் சுவர் காய்ந்திருக்க வேண்டும், ராத்திரி நர்ஸ் இருக்க வேண்டும், நோட்டுப் புத்தகத்தில் டீச்சர் கை தெரிய வேண்டும். மூன்றில் சுவர் தவறினால் மற்ற இரண்டும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். முதல் பள்ளியில் ஸ்டடி அவருக்குப் பாட ஆசிரியர்கள் வருகிறார்கள், ஆள் அடிக்கடி மாறுவதில்லை, மருத்துவர் உதகைக் குளிர் பரவாயில்லை என்கிறார், வட்டிக்கு வாங்காமல் கட்ட முடிகிறது என்று தெரிந்தால் உங்கள் வீட்டுக்காரர் பக்கமே நான் சாய்வேன். அப்போது குளம் இருப்பதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

இந்த வாரமே ஒரு செவ்வாயோ புதனோ இரண்டு இடத்துக்கும் போய் வாருங்கள். விடியற்காலை கிளம்பினால் ஒரே நாளில் முடியும். நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது, கிளம்பும் முன் எடுத்துவிடுங்கள். உதகையில் காலைக் குளிர் இருக்கும்போதே நுழைந்து பாத்ரூம் குழாயைத் திறந்து பாருங்கள். கோத்தகிரியில் மழை இல்லாவிட்டாலும் டிசம்பர் மழையின் கறை சுவரில் இன்னும் இருக்கும். மகளையும் கூட்டிப் போங்கள். போன வருடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணோடு அவளைப் பத்து நிமிடம் தனியாகப் பேச விடுங்கள், நீங்களும் பிரின்சிபாலும் பக்கத்தில் நிற்காமல். என்ன பேசினாய் என்று உடனே கேட்காதீர்கள். இறங்கும்போது மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நிறுத்துவீர்கள் இல்லையா, அங்கே அவளாகவே சொல்வாள். சொல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து பாட்டியைப் பற்றிப் பேச்செடுங்கள், பள்ளிக்கூடத்தைப் பற்றி வேண்டாம்.

டிரங்குப் பெட்டி இப்போது அவள் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கிறதா? அதை யூனிட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் வைத்துவிடச் சொல்லுங்கள்.